ஹெர் ஃபோகலின் கைத்தொலைபேசியில் ஒரு கெட்டிமேளம்

1

ஜேர்மனியில் எங்கள் சனத்துக்கு ஒரு பட்டம் இருக்கிறது. கோயில் கட்டியதற்கோ பிள்ளைகளை டொக்டராக்கியதற்கோ கிடைத்ததல்ல. ‘தமிழர்கள் அமைதியானவர்கள்’ என்பதுதான் அந்தப் பட்டம். வேலையிடத்தில் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், பல் பிடுங்குகிற டொக்டரும் என் வாய்க்குள் கையை விட்டபடி சொல்லியிருக்கிறார். அந்த நிலையில் மறுத்துப் பேச முடியுமா? தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் கலியாண வீட்டுப் பந்தியில் ஒருமுறை இருந்து எழும்பியவர்கள் அப்படி ஒரு சொல்லை வாய்தவறியும் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கோடையோடு, நாங்கள் இருக்கிற பீலெஃபெல்ட் நகரத்தில் அந்தப் பட்டம் எங்களிடமிருந்து பறிபோய்விட்டது. எப்படிப் போனது என்று வேறு ஆட்கள் வாயால் கேட்டால் கண்டபடி கேட்பீர்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கானா நாட்டுக்காரரின் சபை கூடும். பாட்டு, பிரசங்கம், மேளம், மறுபடி பாட்டு. நான் எங்கள் பெற்றோர் சங்கத்தின் செயலாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், தொலைபேசி எடுக்கப் பயப்படாத ஆள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மற்ற நாட்களில் கட்டடப் பொருட்கள் விற்கிற ஒரு பெரிய கடையில் சுவருக்கு நிறம் கலந்து கொடுக்கிறேன். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் வெள்ளைதான் உண்மையான வெள்ளை என்பார்கள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபக் கதவைப் பூட்டி, திறப்பை அபெனா ஓவுசுவிடம் கொடுப்பேன். அபெனா கானா சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். முதியோர் இல்லத்தில் தாதி. வயதும் என் வயதுதான். சமையலறையில் ஒரு பக்கம் எங்கள் கிடாரங்கள், மறுபக்கம் அவர்களுடைய கிடாரங்கள். உப்பு மட்டும் பொதுவில் இருந்தது. அது எப்படிப் பொதுவானது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருநாள் மண்டப நிருவாகி ஹெர் லிண்டமன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஹெர் ஃபோகல் முறைப்பாடு செய்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிரிக்க மேளம் தாங்க முடியவில்லையாம். இனி ஒரு குழுவுக்கு மட்டும்தான் மண்டபம் என்று முடிவெடுக்க வேண்டி வரலாம். பேசித் தீர்க்க நாள் குறித்து ஒரு டெர்மின் வைத்திருக்கிறார், எல்லோரும் வர வேண்டும்.

“நீங்கள் கவலைப்பட வேண்டாம், ஃபிராவ் வசந்தி,” என்றார். “உங்களைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. உங்களுக்கும் அந்த மேளம் இடைஞ்சலாக இருந்தது என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமையையும் உங்களுக்கே தந்துவிடலாம்.”

2

அந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் சங்கத் தலைவர் சிவநேசன் அண்ணையின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவருடைய மகளின் கலியாணத்தன்றும் நான் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் என்றால் என்ன என்று புலம்பெயர்ந்தவர்களுக்குத்தான் விளங்கும். கலியாணம், சாமத்திய வீடு, அறுபதாம் கலியாணம், அந்தியேட்டி, ஒன்றுக்கும் ஊர் ஊராக மண்டபம் தேடி அலையத் தேவையில்லை.

அண்ணை வைத்திருப்பது ஓர் அஃப்ரோ-ஆசியன் கடை. ஒரு பக்கம் முருங்கைக்காய், கருவாடு, மிளகாய்த்தூள். மறுபக்கம் வாழைக்காய், செம்பனை எண்ணெய், பொய்முடிச் சடைகள். மரவள்ளி நடுவில் இருக்கும். அதை எல்லோரும் வாங்குவார்கள். முகத்தை வெளுக்க வைக்கிற கிறீமும் நடுவில்தான் இருக்கும். அதையும் எல்லோரும் வாங்குவார்கள். இந்த நாட்டில் கறுப்பினத்தாரும் ஆசியரும் ஒரே தட்டுக்குக் கை நீட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அண்ணையின் வீடு, கார், மகளின் கலியாணம் எல்லாவற்றிலும் பாதி கானாக்காரர் கொடுத்தது. கடையில் அவர்களை ‘பிறதர்’, ‘சிஸ்டர்’ என்பார். கடையைப் பூட்டிவிட்டு வந்து எங்களோடு இருக்கும்போது வேறு சொல் சொல்வார்.

நிருவாகக் குழு என் வீட்டு மேசையில் கூடியது. குழு என்றால் அண்ணை, பொருளாளர் பவானி அக்கா, நான்.

“தங்கச்சி, நாங்கள் ஒருத்தரையும் பிழை சொல்லத் தேவையில்லை,” என்றார் அண்ணை, ரோல்ஸைக் கடித்தபடி. “கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுவம். கறுவல்கள் போடுற சத்தம் ஊருக்கே தெரியும்தானே. நாங்கள் ஒரு பொய்யும் சொல்லேல்லை.”

“எங்களுக்கு அவையின்ர சத்தம் எப்பிடி அண்ணை இடைஞ்சல்? ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்க இருக்கிறதே இல்லையே?” என்று கேட்டேன்.

“இல்லாட்டியும் ஒரு இடைஞ்சல்தான்,” என்றார் பவானி அக்கா. அதற்கு மேல் விளக்கம் கேட்க அவரிடம் ஏலாது.

அப்போது மாடியில் இருந்து என் மகள் மதுரா இறங்கி வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழை நன்றாக விளங்கிக்கொள்வாள். பேசும்போது கோபம் வந்தால் பாதி வழியில் டொச்சுக்குத் தாவிவிடுவாள். ஆகவே அவள் எந்த மொழியில் நிற்கிறாள் என்பதை வைத்தே கோபத்தின் அளவை நான் கணிப்பேன். அன்று முதல் வசனமே டொச்சில் வந்தது.

“அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்?”

“எந்தச் சொல் பிள்ளை?” என்றார் அண்ணை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகுதான் மதுரா விஷயத்துக்கு வந்தாள். சில கிழமைகளுக்கு முன்னால் ரயில் நிலையத்தில் இரண்டு டொச்சுச் சிநேகிதிகளோடு நின்றிருக்கிறாள். பொலிஸ் வந்து இவளிடம் மட்டும் அவுஸ்வைஸ் கேட்டிருக்கிறது, அடையாள அட்டை. பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிநேகிதிகள் இருவரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். வேலை முடிந்து அந்த வழியால் வந்த அபெனா இவளைக் கண்டு நின்றிருக்கிறார். ஏன் இந்தப் பிள்ளையை மட்டும் என்று மரியாதையாகக் கேட்டாராம். உங்களுக்குச் சம்பந்தமில்லை, போங்கள் என்று சொல்லியும் போகாமல், எல்லாம் முடிந்து பையைப் பூட்டும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாராம்.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“சொன்னால் நீங்கள் என்ன சொல்லியிருப்பியள் அம்மா? கேட்டதைக் காட்டிப்போட்டு பேசாமல் வா எண்டுதானே?” இந்த முறை தமிழில் கேட்டாள்.

அதைத்தான் சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளை தெருவில் நின்று தலைகுனிந்ததை அபெனா அறிந்திருக்கிறார், நான் அறியவில்லை. அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் என்னிடம் திறப்பை வாங்கியவர் ஒரு வார்த்தை அதைப் பற்றிச் சொல்லவில்லை. பிள்ளை சொல்லியிருப்பாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

3

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை ஒரு ஹெய்மில், அதாவது அகதி விடுதியில் விட்டார்கள். ஒரு மாடிக்கு ஒரு சமையலறை. நாங்களும் கானாப் பெண்களும் அதில் அடுப்புக்குச் சண்டை பிடித்தோம். எங்கள் கருவாட்டுக்கு அவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், அவர்களுடைய கருவாட்டுக்கு நாங்கள் பொத்தினோம். இரண்டும் ஒரே கருவாடுதான் என்று பிறகு தெரிந்தது. எந்த அதிகாரி காலையில் நல்ல மனநிலையில் இருப்பார், எந்த அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, எந்த யன்னலில் கொடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர்களும் அவர்கள்தான்.

வெளிநாட்டுக்காரரின் விடுதிகளுக்குக் கல்லெறிகிற காலம் அது. எங்கள் மாடிக்கும் விழுந்தது. காலையில் ஒரு கானாப் பெண் அட்டையை யன்னலில் பிடிக்க, நான் செலோரேப் ஒட்டினேன். கல்லெறிந்தவன் அது எந்த நாட்டு யன்னல் என்று விசாரித்துவிட்டு எறியவில்லை. அந்த விஷயத்தில் அவனுக்குப் பாகுபாடு கிடையாது.

பிறகு எங்களுக்கு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, பாஸ்போர்ட் கிடைத்தது, தோட்டத்தோடு வீடு கிடைத்தது. ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க நாங்கள் அமைதியாகிக்கொண்டே வந்தோம்.

இந்தச் ‘சத்தம்’ என்கிற குற்றச்சாட்டை நான் இங்கே வந்துதான் கேட்டேன் என்றில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், பனங்காணிக்கு அங்கால் ஒரு குடியிருப்பு இருந்தது. அவர்கள் எங்கள் கிணற்றில் அள்ளக்கூடாது, எங்கள் கோயிலுக்குள் வரக்கூடாது. ஏன் என்று சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். என்னைப் பெற்ற ஐயா சாதி என்ற சொல்லையே எடுக்கமாட்டார், படித்த மனுசர். “அந்தப் பக்கத்துச் சனம் சரியான சத்தம், பிள்ளை” என்பார். அதே கிழமை எங்கள் கோயில் திருவிழாவுக்கு நான்கு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, செத்தவனும் எழும்புகிற மாதிரிப் பாட்டுப் போடுவார்கள். அதற்குப் பெயர் பக்தி.

ஹெர் லிண்டமன் தொலைபேசியில் கேட்ட அந்த ஒரு வசனம் எனக்கு எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது என்றால், காரணம் அதுதான். அப்படியென்றால் அன்றைக்கே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எனக்கும் வேண்டியிருந்தது. என்னிடமும் கலியாண வயதில் ஒரு பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு அந்த எண்ணம் கிஞ்சித்தும் இல்லை என்றாலும்.

4

டெர்மினுக்குப் போனோம். மண்டபத்தோடு சேர்ந்த சின்ன அறை. ஹெர் லிண்டமன், ஹெர் ஃபோகல், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், அந்தப் பக்கம் அபெனா தனியாக. அவர்களுடைய போதகருக்கு அன்று வேலை.

ஹெர் ஃபோகலைக் கூடாத மனுசன் என்று எழுத எனக்கு மனமில்லை. ஓய்வுபெற்றவர், ரோசா வளர்க்கிறவர், கண்டால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லுகிறவர். “எனக்கு யார் மீதும் வெறுப்பில்லை,” என்றுதான் தொடங்கினார். “தமிழர்களைப் பாருங்கள். அவர்கள் இருப்பதே தெரியாது.” சிவநேசன் அண்ணை நன்றியோடு தலையாட்டினார்.

“பல வருடங்களாகப் பொறுத்துக்கொண்டேன்,” என்று தொடர்ந்தார். “ஆனால் இந்தப் பெந்தகொஸ்தே ஞாயிறு எல்லை கடந்துவிட்டது. வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று பதிவு செய்து வைத்திருக்கிறேன்.” கைத்தொலைபேசியை மேசைக்கு நடுவில் வைத்து அழுத்தினார்.

முதலில் ஒரு நாதஸ்வரம் இழுத்தது. அடுத்த கணம் தவில் இடிக்கத் தொடங்கியது.

கெட்டிமேளம்! தாலி கட்டுகிறபோது அடிக்கிற அதே கெட்டிமேளம். பவானி அக்காவின் வலக்கை தானாக மடியில் இருந்து எழும்பி, இல்லாத அரிசியை ஹெர் லிண்டமனின் தலைக்கு நேரே எறிந்தது. பிறப்பில் இருந்து பழகிய கை, அதற்கு இடம் பொருள் தெரியுமா? லிண்டமன் ஈ ஏதும் பறக்கிறதோ என்று மேலே பார்த்தார்.

இதை நான் விளக்கியாக வேண்டும். பெந்தகொஸ்தே ஞாயிறன்று கானா சபை முழுவதும் வேறு நகரத்தில் நடந்த ஒரு பெருங்கூட்டத்துக்குப் போயிருந்தது. மண்டபம் சும்மாதானே கிடக்கப் போகிறது, உங்களுக்குத் தேவையா என்று கேட்டு அபெனாதான் திறப்பை என்னிடம் விட்டுப் போனார். நிருவாகிக்கு நாங்கள் அறிவிக்கவில்லை. எங்களுக்குள் அப்படிக் கொடுத்து வாங்குகிற வழக்கம் இருந்தது. அந்த ஞாயிறில்தான் சிவநேசன் அண்ணையின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. முறைப்பாடு என்றதும் எங்கள் மூவருக்கும் அந்த நாள் மனதில் வரவேயில்லை. சத்தம் என்றால் அது மற்றவர்களுடையது என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தோம்.

பதிவில் மேளம் கொஞ்சம் தணிந்தது. ஒலிவாங்கியில் ஒரு குரல் முழங்கியது: “சாம்பல் கலர் கார் ஆரின்ர? பக்கத்து வீட்டுக் கிழவன்ர கேற்றை மறிச்சுக்கொண்டு நிக்குது. மனுசன் வந்து கத்திறதுக்கு முன்னம் எடுங்கோ!”

குரல் சிவநேசன் அண்ணையுடையது. சாட்சாத் அவருடையதே.

“இந்த இடம்தான்,” என்றார் ஹெர் ஃபோகல் விரலை உயர்த்தி. “ஏதோ மந்திரம் சொல்கிறார்கள். பிறகு மேளம் இன்னும் உக்கிரமாகிறது.”

லிண்டமன் அபெனாவைப் பார்த்தார். “ஃபிராவ் ஓவுசு, இது உங்கள் சபைதானே?”

“அன்று நாங்கள் இந்த நகரத்திலேயே இல்லை,” என்றார் அபெனா.

“அப்படியானால் யார்?”

அபெனா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சலில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேசாமல் இரும் தங்கச்சி,” என்று அண்ணை தமிழில் முணுமுணுத்தார். “காரியம் முடிஞ்ச மாதிரித்தான்.”

லிண்டமன் பேனாவை எடுத்தார். நாட்குறிப்பில் அந்த ஞாயிறு கானா சபையின் பெயரில் இருக்கிறது. யாரை உள்ளே விட்டிருந்தாலும் பொறுப்பு அவர்களுடையது. ஆகவே இந்த ஆண்டோடு அவர்களுடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரே மூச்சில் சொன்னார். ஒரு சபையின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தப் பேனா முனையில் தொங்கின. நாங்கள் போட்ட கலியாணச் சத்தத்துக்கு அவர்கள் தெருவில் நிற்கப் போகிறார்கள்.

எனக்கு ரயில் நிலையம்தான் கண்ணுக்குள் வந்தது. எழும்பி நின்றேன். “இது எங்கள் கலியாணம்,” என்றேன். “அடிக்கிறது எங்கள் மேளம். பேசுகிறது இதோ இருக்கிற இவர்.”

நான் எதிர்பார்த்தது ஓர் அதிர்ச்சி. வந்ததோ புன்னகை. ஹெர் ஃபோகல் என் பக்கம் குனிந்து, நோயாளியோடு பேசுகிற மாதிரிப் பேசினார். “மிகவும் பெருந்தன்மையான பேச்சு, அம்மணி. ஆனால் அவர்களைக் காப்பாற்ற நீங்கள் பழியை ஏற்க வேண்டாம். எனக்குத் தமிழர்களைத் தெரியும். நீங்கள் அமைதியான மக்கள்.”

“ஐயா, நான் அந்தக் கலியாணத்தில் நின்றேன். பந்திக்குச் சோறு போட்டவளே நான்தான்!”

“ஆபிரிக்க மேளத்தைக் கேட்டால் எனக்குத் தெரியாதா?” என்று அவர் கையை விரித்தார். “அமைதியான ஒரு மக்களிடமிருந்து இப்படி ஒன்று வராது. யாரோ தகர ஐமரைக் கவிழ்த்து வைத்து அடிக்கிறார்கள்.”

ஐமர் என்றால் வாளி. சிவநேசன் அண்ணைக்கு டொச்சில் பல சொற்கள் தெரியாது. ஆனால் அவர் கடையில் வாளி விற்கிறார்.

“என்னவாம்?” என்று என்னைக் கேட்டார். “வாளியாமோ?”

“ஓம் அண்ணை. தகர வாளியாம்.”

மனுசன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். “வாளியோ! இணுவில் தவில், ஐசே! பாரிஸில இருந்து கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட்ட வித்துவான்! அந்த மனுசன் அடிச்ச அடிக்குச் சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்துகொண்டு நிண்டவை! அதைக் கொண்டுபோய்க் கண்டவையின்ர கணக்கில எழுதப் போறியளோ?” இவ்வளவும் தமிழில். பிறகு அவருடைய கடை டொச்சில் மேசையைத் தட்டியபடி சொன்னார்: “என் மகள்! என் கலியாணம்! என் மேளம்! முதல்தரச் சாமான்!”

அதோடு விடவில்லை. ஹெர் ஃபோகலின் தொலைபேசியைத் தானே அழுத்தி மறுபடி போட்டார். தவில் வந்தபோது அதே தாளத்தை மேசையில் அடித்துக் காட்டினார். தன் குரல் வருகிற இடம் வந்ததும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பதிவோடு சேர்ந்து ஓர் எழுத்துப் பிசகாமல் “சாம்பல் கலர் கார் ஆரின்ர” என்று கிழவன் வரைக்கும் முழங்கினார். ஒரே அறையில் இரண்டு சிவநேசன் அண்ணைகள். சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

“இவர் என்ன சொல்கிறார்?” என்று லிண்டமன் என்னிடம் கேட்டார்.

“பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இடைஞ்சல் வராமல் காரை எடுக்கச் சொல்கிறார்,” என்று மொழிபெயர்த்தேன். கருத்துப் பிழையில்லை.

அபெனா இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

5

நியாயமாக இந்த இடத்தில் ஒற்றுமை வென்றது என்று எழுத வேண்டும். ஆனால் நடந்தது வேறு. நான் உண்மையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. அண்ணைக்கு மானம் போனது, நம்பிவிட்டார்கள். மறுநாள் கடையில் அவர் கானா வாடிக்கையாளருக்கெல்லாம், உங்களுக்காக நான் எப்படி வாதாடினேன் தெரியுமா என்று மரவள்ளி நிறுத்தபடி சொன்னதாகக் கேள்வி. சொல்லிச் சொல்லி இப்போது அவரும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறார். நானும் மறுக்கவில்லை, ஏனென்றால் அந்த வேஷத்தைப் போட்ட பிறகு பழைய சொல்லைப் பாவிக்க அவருக்கு வெட்கமாக இருக்கிறது. என் வீட்டில் ஒரு தரம் நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கியதைக் கண்ணால் கண்டேன்.

ஹெர் ஃபோகல்தான் பாவம். அன்று வெளியேறும்போது என்னிடம் வந்து மனவருத்தத்தோடு சொன்னார்: “நீங்கள் முன்பு இப்படி இருக்கவில்லை. ஒரே கட்டடத்தில் இருந்தால் பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் போல.” சொல்லும்போது அபெனாவின் பக்கம் ஒரு பார்வை போனது. தவிலைக்கூட எங்களுக்கு மற்றவர்கள் பழக்கியிருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

மதுராவுக்கு முழுக்கதையும் சொன்னேன். நான் எழும்பி நின்றதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன் என்பதையும் ஒளிக்கவில்லை. கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்: “சிவநேசன் அங்கிள் வாளியெண்டதை விளங்காமல் இருந்திருந்தால், அம்மா?”

“அப்பவும் நான் விட்டிருக்கமாட்டன்,” என்றேன். அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். பிறகு, தேத்தண்ணி போடவா என்று தமிழில் கேட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

6

மண்டபம் இப்போதைக்கு இரண்டு குழுக்களிடமும் இருக்கிறது. வருகிற கோடை வரைக்கும் பார்ப்பார்களாம். மேளம் யாருடையது என்றாலும் மத்தியானத்துக்குப் பிறகு அடிக்கக்கூடாதாம். இனிச் சுபமுகூர்த்தத்தைச் சோதிடர் குறித்தால் போதாது, லிண்டமனும் குறிக்க வேண்டும். அந்த முடிவு சும்மா கிடைக்கவில்லை. யாரையும் வெளியேற்றினால் இரண்டு பகுதியும் சேர்ந்தே வெளியேறும் என்று நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். அதை எழுதிய நாளைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

அவர்களுடைய ஆராதனை முடிந்த ஒரு ஞாயிறு. மண்டபத்துச் சமையலறையில் நானும் அபெனாவும். நான் கடலை வடை சுட்டுக்கொண்டு போயிருந்தேன்; கூடவே நன்றி சொல்வதற்கு நல்ல டொச்சில் நாலு வசனமும் ஆயத்தம் பண்ணியிருந்தேன். முதலில் மதுராவுக்காகச் சொன்னேன். அபெனா அதை ஒரு கையசைப்போடு தள்ளிவிட்டார். பிறகு டெர்மினுக்கு வந்தேன்.

“அன்றைக்கு நீங்கள் எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். உங்கள் சபையே போகிற நிலைமையிலும் வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு மனம் எங்களில் ஒருவருக்கும் இருந்திருக்காது.”

சொல்லும்போது எனக்குக் கண் கலங்கியது. அபெனா வடையைக் கடித்துக்கொண்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“வசந்தி, அது நல்ல மனம் இல்லை,” என்றார். “எனக்கு உங்கள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்களே எழும்பி நின்று எங்களுடையது என்று சொல்லியும் அவர்கள் நம்பவில்லை. நான் உட்கார்ந்துகொண்டு அவர்களுடையது என்று சொல்லியிருந்தால்?”

நான் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நான் பொய்க்காரியும் ஆகியிருப்பேன்,” என்றார். “அதனால்தான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சொன்னால்தான் உண்டு, இல்லையென்றால் இல்லை. வேறு வழி இருந்தால் விட்டிருப்பேனா?”

பிறகு கடிதத்தை எடுத்தோம். என் கணினியில் எழுதியிருந்ததை அவர் ஒரு தாதியின் கண்ணோடு வரி வரியாக வாசித்தார். அடியில், மரியாதைக்காக, அவர்களுடைய சபையின் பெயரை முதலிலும் எங்கள் சங்கத்தின் பெயரைக் கீழேயும் போட்டிருந்தேன். அதில் விரலை வைத்தார்.

“இது சரியில்லை. உங்கள் பெயர் முதலில் வரட்டும்.”

“ஏன்? மண்டபத்துக்கு முதலில் வந்தவர்கள் நீங்கள்தானே?”

“இவ்வளவு நடந்த பிறகும் அவர்களுக்கு எங்களைவிட உங்களைக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும்,” என்றார் அபெனா. “எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. அது தீர்ந்துபோகிறதுக்கு முன்னால் பாவித்துவிடுவோம்.” சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணினியைத் திருப்பி, இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினேன்.